ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்

கோபி அம்மா:

என் மகள் நான்காம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஏப்ரல், மே வந்துவிட்டால் எங்கள் தெருவில் இதே பேச்சுதான். "அங்கேயா போட்டிருக்கீங்க? பிள்ளை கதி என்னாகும்?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளியின் படி ஏறியதில்லை. தினமும் பிள்ளையை அங்கே விட்டுக் கூட்டி வருகிறவர்கள் கண்ணால் கண்டதை எழுதினால், இந்த ஜூனில் முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு உதவும். நல்லதும் எழுதுங்கள், குறையும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்குத் தலைமையாசிரியர் ஒருவர், டீச்சர் ஒருவர். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61ஆவது பிள்ளை சேர்ந்தால்தான் மூன்றாவது ஆசிரியர். எங்கள் பள்ளியில் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் பிள்ளைகள். ஒருவருக்கு இருபத்துச் சொச்சம் என்று பார்த்தால் பல தனியார் பள்ளிகளில் கிடைக்காத விகிதம். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே டீச்சர் நடத்த வேண்டும். ஆறு வயதும் எட்டு வயதும் அடுத்தடுத்துத் தரையில் உட்கார்ந்திருக்கும்.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் பிடிபடவில்லை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். என் மகள் இரண்டாம் வகுப்பில் தமிழில் மலர், கணக்கில் அரும்பு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒருநாள் சீக்கிரம் கூப்பிடப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். 52இலிருந்து 27 போக வேண்டும். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இரண்டுல ஏழு எடுக்க முடியுமா?" என்றார். என் மகள் கொஞ்ச நேரம் குச்சியையே பார்த்துவிட்டு, ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி உதிரியோடு சேர்த்தாள். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நாலு கட்டில் இரண்டு போக இரண்டு, 25. "கடன் வாங்கு" என்று மட்டும் சொல்லித்தான் நாங்கள் எல்லாம் கற்றோம். எங்கிருந்து அந்தப் பத்து வருகிறது என்று என் மகளுக்கு எட்டு வயதுக்குள் தெரிந்துவிட்டது. அந்த டீச்சருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

குறை என்று பார்த்தால், இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போகிற நாள். அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். பாடம் நடக்காது, பிள்ளைகளைப் பத்திரமாக உட்கார வைத்திருப்பதே பெரிய வேலை. அப்படிப்பட்ட நாட்கள் குறைவு என்று சொல்ல மாட்டேன்.

ஆவடி அப்பா:

நல்ல முயற்சி அக்கா. என் மகனை முதலில் மெட்ரிக் பள்ளியில்தான் சேர்த்தோம். 2020 கொரோனாவில் என் வேலை போனது. ஃபீஸ் கட்ட முடியவில்லை, பாக்கி நின்றது. அந்தப் பள்ளி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுக்க மறுத்துவிட்டது. டி.சி. இல்லாமல் யார் சேர்ப்பார்கள் என்று மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தோம். கடைசியில் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் நின்றபோதுதான், டி.சி. வரவில்லை என்று காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்வதாக அவர் சொன்னார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் கொடுத்தார்கள். என்னைப் போல அந்த ஆண்டு வந்தவர்கள் ஏராளம்.

என் வருத்தம் இங்கிலீஷ்தான், மறைக்காமல் சொல்கிறேன். ஆங்கில வழி என்று பெயர் இருக்கிறது. தமிழ் வழிப் பிள்ளைகளும் அதே அறை, அதே டீச்சர். பாடத்தை இரண்டு புத்தகத்திலும் மாறி மாறி நடத்துகிறார். பேச்சுப் பழக்கம் வரவே இல்லை. பழைய பள்ளியில் "மே ஐ கோ டு டாய்லெட்" என்றாவது சொல்வான். ஆனால் அங்கே இரண்டாம் வகுப்பு வரை படித்தும் தமிழில் கடைப் பலகைகூட வாசிக்கத் தெரியாமல் இருந்தான். இங்கே வந்து ஆறே மாதத்தில் தினத்தந்தித் தலைப்புகளை எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். வாசிக்கிற சுகம் வந்த பிறகு இங்கிலீஷையும் தானாகவே எடுத்து வாசிக்கிறான். பேச்சுக்கு மட்டும் நாங்கள் வெளியில் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்பது என் கேள்வி.

திருவாரூர் சமையல் அம்மா:

நான் காலை உணவு சமைக்கிறவள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுத்தார்கள். என் மகன் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிப்பதையும் ஒரு தகுதியாகப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 25இல் எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள், அதனால் எங்கள் ஊரில் அதைப் பற்றி ஒரு பெருமை உண்டு.

சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். விடிவதற்குள் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவோம். பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய் தனி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. எட்டேகால் மணிக்குப் பந்தி. தட்டில் விழுவது என் பிள்ளைக்கும் விழுகிறது. அதனால் ரவையில் வண்டு இருந்தால் நான் சும்மா விடுவேனா? முதல் வாரத்தில் கத்தரிக்காயை ஒதுக்கி ஓரமாக வைத்த பிள்ளைகள், பிறகு பொடியாக நறுக்கிப் போட்டதும் சாப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் அம்மாக்கள் நடவு, களை எடுப்பு என்று ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். முன்பு பிள்ளைகள் பழைய சோறோ, டீயும் பன்னுமோ தின்றுவிட்டு வரும், பதினொரு மணிக்கெல்லாம் சுருண்டு உட்காரும். மத்தியானம் முட்டையோடு சத்துணவு உண்டுதான், ஆனால் அதுவரை தாங்க வேண்டுமே. இப்போது ஒன்பது மணி வகுப்புக்குத் தூக்கக் கலக்கமில்லாமல் போய் உட்காருகின்றன. படிப்பு எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியாது. வயிறு காயாமல் பாடம் கேட்கிறார்கள், அதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்:

எல்லோரும் நல்லதாக எழுதுகிறீர்கள். எனக்கு வேறு அனுபவம். என் மகளை நான்காம் வகுப்பில் பள்ளி மாற்றிவிட்டேன். அவள் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு முழுக்க ஒரு டீச்சர் இடம் காலி. மாறுதலில் போனவருக்குப் பதில் ஆள் வரவில்லை. இருந்த ஒருவரும் கெட்டவர் இல்லை, மதிய உணவுக் கணக்கு, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவு, மாணவர் விவரம் எல்லாம் அவர் ஒருவரே போனில் ஏற்றிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார்கள், பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்து. வாசிக்கச் சொன்னால் வாசிக்காது. நோட்டைப் பார்த்து நான் மகிழ்ந்திருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. காலியிடத்தை ஓராண்டு அப்படியே விட்டவர்கள்மீதுதான் கோபம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் மேலத் தெருக்காரர்கள் ஒருவர்கூட இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. காரணம் கேட்டால் இங்கிலீஷ் மீடியம் என்பார்கள். எங்கள் காலனிப் பிள்ளைகளோடு உட்கார வைக்க மனமில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர்கள் போனதும் பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்தது, அப்புறம் ஆசிரியரும் குறைந்தார், கூரை ஒழுகினால் கேட்கவும் ஆளில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அதே பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் படித்தோம். சண்டை உண்டு, ஒதுக்கலும் உண்டு. ஆனாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அது போய்விட்டது.

கோபி அம்மா:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. எங்கள் ஊரிலும் இது இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு சாக்கு சொல்லி வேன் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து எனக்குத் தோன்றும் ஒன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. இரண்டும் வந்தபோது, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். 2024இல் புதுமைப் பெண்ணில் மட்டும் அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழிப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். நல்ல திட்டங்கள்தான், என் மகளுக்கும் பயன்படும். ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. "அஞ்சாவது வரை பிரைவேட், ஆறாவதில் கவர்மென்ட்" என்று எங்கள் தெருவிலேயே பலர் திட்டம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இருந்திருந்தால் எங்கள் பள்ளியில் 61ஐத் தாண்டியிருக்கும், மூன்றாவது டீச்சர் வந்திருப்பார். எழுத்து ஊன்றுகிற வயதில் கைவிட்டுவிட்டு ஆறாவதில் வந்து என்ன பயன்?

விழுப்புரம் குழுத் தலைவி:

நான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். அதற்கு முன் பல ஊரில் இது காகிதத்தில் இருந்தது. டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தால் பயனில்லை.

நான் பொறுப்புக்கு வந்தபோது பிரச்சினை கழிப்பறை. கட்டடம் இருக்கிறது, தண்ணீர் வராது, கழுவ ஆளில்லை. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டுச் சாயந்திரம் வீட்டுக்கு ஓடி வரும். என் மகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. டாக்டர் கேட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. கூட்டத்தில் தீர்மானம் எழுதி, நகலை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தோம். முதலில் பார்க்கலாம் என்றார். அப்புறம் கிராம சபையில் நாங்கள் அம்மாக்கள் சேர்ந்து எழுந்து நின்று கேட்டோம். தூய்மைக் காவலர் ஒருவரைத் தினமும் காலையில் அனுப்புவதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். மோட்டாருக்குத் தனிக் குழாய் இழுக்க இன்னும் சில மாதம் ஆனது. இப்போது என் மகள் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு வருகிறாள்.

தருமபுரி அண்ணனுக்கு: காலியிடத்துக்கும் தீர்மானம் போடலாம். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒரே நாளில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். பெற்றோர் தனியாகப் போனால் "டீச்சரைப் பற்றிப் புகாரா?" என்று பார்ப்பார்கள். குழுவாகப் போனால் பேச்சே மாறும்.

புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வது, விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாளில் மதியம் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் புத்தகத்தில் ஏதாவது பக்கத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். எத்தனை ஆசிரியர் இடம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

திருப்பூர் கட்டட வேலை:

நாங்கள் வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்கள். போன மாதம்தான் இங்கே வந்தோம். பையனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, பிறப்புச் சான்றிதழ் ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டுப் பாதியில் சேர்த்துக்கொள்வார்களா?

ஆவடி அப்பா:

சேர்ப்பார்கள் தம்பி. வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாள் தள்ளாதீர்கள், திங்கட்கிழமை காலையிலேயே பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வாடகைக்கு இருக்கும் முகவரியையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மறுத்தால் மறுத்ததை எழுதிக் கேளுங்கள். அப்புறம் இங்கே சொல்லுங்கள், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எப்படிப் போவது என்று நான் சொல்கிறேன்.

விழுப்புரம் குழுத் தலைவி:

முன்பு படித்த பள்ளியில் எமிஸ் எண் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள் தம்பி. பழைய விவரம் எல்லாம் அதிலேயே இருக்கும்.