பஞ்ச், உளி உடையாமல் இருக்க: அதிர்ச்சி தாங்கும் ஸ்டீல் அனுபவங்கள்

பேட்டை, டை பட்டறை:

பஞ்ச் (தகட்டில் ஓட்டை அடிக்கும் கருவி) உடைந்ததும் ‘ஹார்ட்னஸ் (கடினம்) எவ்வளவு?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டெம்பர், அதாவது கடினமாக்கிய ஸ்டீலை மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது, எப்போது, எவ்வளவு சூட்டில் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கனமான எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் ஓட்டை அடிக்க முன்பு டி-2 என்கிற கருவி ஸ்டீலில் செய்த பஞ்ச்தான் போடுவோம். தேயாது, ஆனால் விளிம்பு சில்லுசில்லாகத் தெறிக்கும். கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12. உள்ளே பெரிய பெரிய கார்பைடுகள் (கார்பனும் குரோமியமும் சேர்ந்த கடினத் துகள்கள்), அடி விழுந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் அதிர்ச்சி தாங்கும் எஸ்-7 ஸ்டீலுக்கு மாறினோம். அதில் கார்பன் 0.5, குரோமியம் 3.25, மாலிப்டினம் 1.4 அளவில். கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், சாணை பிடித்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உடைந்த பஞ்சை என்ன செய்வது?

ஒருமுறை வெளியே கொடுத்து ஹார்டன் செய்து (கடினமாக்கி) வாங்கிய பஞ்ச், மாட்டிய அன்றே தோள்பட்டையில் (பருமன் மாறும் இடத்தில்) துண்டாகிவிட்டது. சோதித்தால் ராக்வெல் சி என்கிற கடின அளவில் 60. நல்ல கடினம்தானே என்று ஹார்டன் செய்து கொடுத்தவர் வாதாடினார். எஸ்-7ஐக் காற்றில் ஆறவிட்டதும் வருகிற கடினமே 60தான். 200 டிகிரி செல்சியஸில் முறையாக டெம்பர் செய்திருந்தால் 57, 58க்கு இறங்கியிருக்க வேண்டும். ஆக, டெம்பரே சரியாக ஆகவில்லை. போதாததற்குத் தோள் மூலையும் கூர்மையாக இருந்தது. இப்போது அங்கே நல்ல ரேடியஸ் (வளைவு) வைத்துத்தான் கடைகிறோம்.

ராதாபுரம் பக்கம், கொல்லன் உலை:

நம்மிடம் எஸ்-7 எல்லாம் இல்லை அண்ணாச்சி. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான். குவாரி உளிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது அப்பா காலத்திலிருந்து நாங்கள் கண்டது.

முனையை மட்டும் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் தோய்ப்போம். தண்ணீர் என்றால் வெடித்துவிடும். முனை குளிர்ந்ததும் எடுத்து, மணல்கல்லில் ஒரு தேய் தேய்த்தால் பளிச்சென்று தெரியும். பின்பக்கம் இருக்கிற சூடு முனையை நோக்கி மெல்ல ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அதன்பின் கத்தரிப்பூ நிறம். பழுப்பு போய்க் கத்தரிப்பூ தலைகாட்டியதும் மறுபடி தோய்த்துவிட வேண்டும். நீலம் வரவிட்டால் முனை மடங்கும். உளியின் தலைக்குத் தோய்ச்சலே கூடாது. அது கடினமானால் சம்மட்டி அடியில் சில்லு பறந்து கண்ணில் பாயும். அடித்து அடித்துக் குடைபோல் விரிந்த தலையையும் உடனே சாணையில் தேய்த்துவிடுங்கள்.

உச்சி வெயிலில் இந்த வேலை ஆகாது. நெருப்பின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் விடியற்காலையில்தான் தோய்ப்போம்.

பாளையங்கோட்டை, ஹீட் ட்ரீட்மென்ட் வேலை:

ராதாபுரம் அண்ணாச்சி சொன்னது அவர் பட்டைக்கு மிகச் சரி. சாதாரண கார்பன் ஸ்டீலை 260 முதல் 370 டிகிரிக்குள் டெம்பர் செய்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஆனால் இந்த மாதிரிப் பட்டையில் பெரும்பாலும் சிலிக்கான் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அது அந்த ஆபத்தை இன்னும் மேல் சூட்டுக்குத் தள்ளிவிடுகிறது. எஸ்-5 என்கிற இன்னொரு அதிர்ச்சி தாங்கும் ஸ்டீலின் பலமும் இதே சிலிக்கான்தான்.

ஆனால் இந்த நிறக் கணக்கை எஸ்-7க்குப் போடாதீர்கள். குரோமியம் இருப்பதால் அதே நிறம் இன்னும் அதிக சூட்டில்தான் வரும். காய்ச்சும்போது காந்தம் ஒட்டாவிட்டால் சூடு போதும் என்று சிலர் பார்க்கும் கணக்கும் அங்கே செல்லாது. காந்தம் 770 டிகிரி வாக்கிலேயே விட்டுவிடும், எஸ்-7க்கு வேண்டியதோ 940. முதலில் 650, 700இல் நிறுத்திச் சீராகச் சூடேற்றி, பிறகு 940க்குப் போய், சும்மா காற்றில் ஆறவிட வேண்டும். தண்ணீர் பக்கமே போகக்கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் டெம்பர் அடுப்புக்குள் போய்விட வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஜையில் வைத்தால் அங்கேயே விரிசல் விடலாம். பேட்டைக்காரருக்கு நடந்ததுபோல் டெம்பரை அரைகுறையாக விடுவதைத்தான் என்னால் பொறுக்கவே முடிவதில்லை. அடுத்தவர் கைக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் வேலை செய்கிற பொருள் அது.

புதுப் பட்டை வாங்கினால் ஒரு வெட்டுத்துண்டை முதலில் தோய்த்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் நைசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சூடு சரி. பெரிய மணிமணியாக மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது, அடுத்த துண்டுக்குக் குறையுங்கள்.