புதுப் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கட்டைப் பாட்டு கொடுக்கலாமா?

கோத்தகிரி டீச்சர்:
வீட்டில் பியானோ சொல்லித் தருகிறேன். ஜூனில் ஏழு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். மூன்று வாரம் ஸ்டாஃப் (சுரம் எழுதும் ஐந்து கோடு), ட்ரெபிள் கிளெஃப், மிடில் சி என்று தாளில் படிப்பதிலேயே போனதில் அவன் முகமே வாடிவிட்டது. "இனிமே போகமாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்தேன். இடது கையில் நாலரைக் கட்டை, ஒன்றரைக் கட்டை என்ற இரண்டு கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். வலது கைக்கு, "கறுப்புல எங்க வேணும்னாலும் போ". அவ்வளவுதான். அவன் அப்பா நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. இப்போது கறுப்பிலேயே நாலு சின்னப் பாட்டு வாசிக்கிறான். எனக்குத் தெரிந்த இன்னொரு ஆசிரியர், "இது குறுக்கு வழி, பின்னாடி கஷ்டப்படுவான்" என்கிறார். உங்கள் அனுபவம் என்ன?

ஊட்டி ஆர்கனிஸ்ட்:
அவர் சொன்னதுதான் சரி மேடம். வேறு இடத்தில் ஒரு வருஷம் இப்படிக் கற்றுக்கொண்ட மூன்று பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். விரல் ஓடியது, கண் ஓடவில்லை. பியானோ தேர்வின் தொடக்க நிலையான இனிஷியல் கிரேடு புத்தகத்தைத் திறந்ததும் அதில் ஒரு பெண் அழுதுவிட்டாள். தனக்கு வாசிக்கத் தெரியும் என்று அதுவரை நம்பியிருந்த குழந்தை அவள். உங்கள் பையன் வாசிக்கும் பாட்டைத் தாளில் எழுதிப் பாருங்கள், ஆறு ஷார்ப் (சுரத்தை அரைக் கட்டை ஏற்றும் குறி) வரும். தான் வாசிப்பதையே அவனால் படிக்க முடியாது. இன்னொன்று, கறுப்பில் எதைத் தொட்டாலும் நன்றாகத்தான் கேட்கும். தப்பே வராத இடத்தில் காது எப்படி வளரும்?

அரவேணு அப்பா:
சார், என் மகள் பாட்டும் கற்கிறாள், கீபோர்டும் கற்கிறாள். நாலரைக் கட்டையை ச என்று வைத்துக் கறுப்பில் மட்டும் போனால் ச ரி க ப த, அப்படியே மோகன ராகம். ஆறரைக் கட்டையை ச ஆக்கினால் அதே ஐந்து கட்டை ஹிந்தோளம். ஐந்தரையில் தொடங்கினால் மத்தியமாவதி. இதை அவளே விளையாடிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்து, சமையலறைக்கு ஓடி வந்து பாடிக் காட்டினாள். காது வளரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஊட்டி ஆர்கனிஸ்ட்:
தம்பி, அது உங்கள் வீட்டில் ஏற்கெனவே பாட்டு இருப்பதால். ஹிந்தோளம் கேட்டே இராத பிள்ளைக்கு அது ஐந்து கட்டை மட்டும்தான். கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) இல்லாமல் பியானோவில் வருவதை மோகனம் என்று சொல்லிவிடவும் கூடாது. ஆனால் உங்கள் மகள் ஓடி வந்ததைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெலிங்டன் மாணவி:
கை வைக்கும் விதத்தையும் யோசிக்க வேண்டும். பியானோ மேதை சோபின் தன்னிடம் கற்றவர்களுக்கு முதலில் வெள்ளைக் கட்டை மட்டுமே வரும் சி மேஜர் ஸ்கேலைக் கொடுக்கவில்லை, ஐந்து கறுப்பும் வரும் பி மேஜரைத்தான் கொடுத்தார். நீளமான நடு விரல்கள் கறுப்பில் இயல்பாக உட்காரும், கட்டைவிரல் வெள்ளையில் நிற்கும் என்பது காரணம். 1833இல் வெளியான அவருடைய ஓபஸ் 10, ஐந்தாவது எட்யூடில் (பயிற்சிப் பாட்டில்) வலது கை ஏறக்குறைய முழுக்கக் கறுப்பிலேயே ஓடும். அது பெரிய வித்வான்களுக்கானது, தெரியும். கறுப்புக் கட்டையைக் கடைசியில் வருகிற கஷ்டமாக அவர் பார்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். புது ஆளுக்குக் கண்ணும் உதவுகிறது. ஐந்து ஆக்டேவ் கீபோர்டில் 36 வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி. கறுப்பு மட்டும்தான் இரண்டு, மூன்று என்று கூட்டமாக நிற்கிறது.

ஊட்டி ஆர்கனிஸ்ட்:
சோபினிடம் கற்றவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள் அம்மா. ஏழு வயதுக் கையில் கட்டைவிரல் எட்டாது. கறுப்புக் கட்டையின் மேற்பரப்பு ஒரு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். வழுக்காமல் இருக்க விரலைத் தட்டையாக நீட்டுவார்கள், அந்தப் பழக்கம் போகவே போகாது. மழைக்காலத்தில் நம் மலைப் பியானோக்கள் ஈரம் குடித்து அழுத்தம் கூடிவிடும். அப்போது இன்னும் மோசம்.

வெலிங்டன் மாணவி:
விரல் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் சார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது விரல் மட்டும் போதும், கட்டைவிரலைக் கேட்கவே வேண்டாம். ஆறு ஷார்ப்புக்கு வழி இருக்கிறது. அதே பாட்டை அரைக் கட்டை, அதாவது ஒவ்வொரு சுரத்தையும் வலப்பக்கத்து அடுத்த கட்டைக்கு, ஏற்றுங்கள். நாலரைக் கட்டை ஐந்து கட்டை ஆகும்: ஜி, ஏ, பி, டி, ஈ. ஐந்தும் வெள்ளை! தாளில் எழுதினால் ஷார்ப் விழும் சுரமே வராது. மனப்பாடமாய்த் தெரிந்த பாட்டை முதன்முதலாகக் கண்ணால் படிப்பான்.

ஊட்டி ஆர்கனிஸ்ட்:
இதை நான் யோசித்ததில்லை. ஆனால் வெள்ளைக்கு வந்ததும் அந்த இரண்டு-மூன்று அடையாளம் போய்விடுமே. அங்கேதான் பையன் உட்கார்ந்துவிடுவான். நாள் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். இரண்டு மாதம் கறுப்பு என்றால் சரி. ஆறு மாதம் என்றால் நான் சொன்ன பெண்ணின் கதைதான்.

கோத்தகிரி டீச்சர்:
சனிக்கிழமை செய்து பார்த்தேன். அவனுக்குப் பிடித்த பாட்டை ஐந்து கட்டைக்கு ஏற்றிக் காட்டினேன். முதல் வரி தடுமாறினான், முகம் சுருங்கியது. ஊட்டி சார் சொன்னபடியே ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வரியில் பி-க்குப் பதிலாக சி-யில் விரல் விழுந்தது. சட்டென்று கையை எடுத்து, "டீச்சர், இது அந்தப் பாட்டுல இல்ல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தேடி பி-க்கு வந்தான். பிறகு தாளை எடுத்து வைத்து, எந்தப் புள்ளியில் தப்பினான் என்று கேட்டேன். பி-யின் இடமான நடுக் கோட்டில் விரலை வைத்தான்.

ஊட்டி ஆர்கனிஸ்ட்:
கோட்டிலேயே காட்டினானா? அப்படியென்றால் அடுத்த வாரம் அவனுக்குத் தெரியாத ஒரு பாட்டை, அதே ஐந்து சுரத்தில், நாலு பார் எழுதிக் கொடுங்கள். முன்னால் வாசித்துக் காட்டாதீர்கள். அதைப் படித்துவிட்டான் என்றால் இங்கே வந்து சொல்லுங்கள், என் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்க்கிறேன்.