புதுப்பிப்பு: ஆர்-ஸ்கொயர் 0.93 இருந்தும் கணிப்பு பிசகியது ஏன்?

ஆர்-ஸ்கொயர், அதாவது தரவின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவை மாதிரி விளக்குகிறது என்னும் அளவு (1 என்றால் முழுவதும்), 0.93 வந்தும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் என் ரிக்ரஷன் மாதிரி பெரிய மதிப்புகளில் தாறுமாறாகக் கணிக்கிறதே என்று முன்பு புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. எச்சங்களை, அதாவது உண்மை மதிப்பிலிருந்து கணிப்பைக் கழித்தால் மிஞ்சுபவற்றை, வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். பூஜ்யத்தைச் சுற்றி இறைந்து கிடக்க வேண்டிய புள்ளிகள் லாடம்போல் வளைந்து நின்றன. வளைந்த தரவுக்கு நேர்கோடு போட்டிருக்கிறேன்!

இருபடி உறுப்பு (மாறியின் வர்க்கம்) ஒன்றைச் சேர்த்ததும் லாடம் கலைந்தது. ஆர்-ஸ்கொயர் கூடியதை நான் பொருட்படுத்தவில்லை. எந்த மாறியைச் சேர்த்தாலும் அது குறையாது. மாதிரியைப் பொருத்தும்போது பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்திருந்த தரவிலும் பிழை பாதியானதுதான் நிம்மதி.

1973இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளிலும் ஆர்-ஸ்கொயர் சுமார் 0.67; வரைந்தால் நான்கும் நான்கு திசை. அதைப் படித்திருந்தும் கோட்டைவிட்டேன்.