எவர்கிரீனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மருந்துக் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘எவர்கிரீனிங்’ என்ற சொல்லில் நிற்கிறேன். 20 ஆண்டுக் காப்புரிமை முடிவதற்குள், அதே மருந்தின் வேறு உப்பு, வேறு படிக வடிவம் என்று இன்னொரு காப்புரிமை வாங்கி, மற்றவர்கள் மலிவாகத் தயாரிப்பதைத் தள்ளிப்போடும் வேலை இது. பழைய வரைவில் ‘பசுமையாக்கம்’ என்று இருந்தது. படித்துப் பார்த்த செவிலியர், மரம் நடும் திட்டமா என்று கேட்டார்.

---

> ‘பசுமையாக்கம்’ என்று இருந்தது

‘வாடாக் காப்புரிமை’ என்று எழுதுங்கள். வாடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எனவே ககர ஒற்று மிகும், விடாதீர்கள். வாடாமல்லியை அறியாதவர் உண்டா?

‘காப்புரிமை’யே எனக்கு முழுதாக ஒப்பவில்லை. காப்பிரைட் என்ற ஒலிக்கு நெருங்கி இருப்பதால் பதிப்புரிமைக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். ஆனால் ‘கா’ நல்ல வேர். காவல், காப்பு, காப்புச் செய்யுள் எல்லாம் அதில் பிறந்தவை. காப்பியமும் காப்பு + இயம்தான்.

---

ஐயா, காப்பியம் ‘காவ்ய’த்திலிருந்து வந்தது என்போரும் இங்கே இருக்கிறோம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

‘வாடா’ வேண்டாம். அது வாழ்த்துகிற சொல். சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998-இல் நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக், அதாவது இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவம். அப்போது மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். உள்நாட்டு மருந்தோ 10,000 ரூபாய் அளவில் கிடைத்தது. 2006-இல் அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளின் புது வடிவம் கூடுதல் செயல்திறனைக் காட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது. மருந்தில் செயல்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன்தான் என்றது நீதிமன்றம். உடல் 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சுகிறது என்ற வாதம் மட்டும் போதவில்லை.

இத்தனை குடும்பங்களின் உயிர்ப் பிரச்சினைக்குப் பூவின் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘காப்புரிமை இழுத்தடிப்பு’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

---

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். காப்புரிமை அலுவலகம் இழுத்தடிக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ‘நீட்டிப்பு’ம் சரிவராது. அமெரிக்காவில், மருந்துக்கு ஒப்புதல் தாமதமானதை ஈடுகட்டச் சட்டமே தரும் கால நீட்டிப்பு ஒன்று தனியாக இருக்கிறது.

இன்னொன்று. பிந்தைய மாற்றம் எல்லாமே பித்தலாட்டம் அல்ல. குளிர்பெட்டி தேவைப்பட்ட ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து, பிறகு வெப்பம் தாங்கும் மாத்திரையாக வந்தது. மின்சாரம் இல்லாத ஊர்களில் அது எவ்வளவு பெரிய உதவி! கலைச்சொல்லே தீர்ப்பு எழுதக் கூடாது. ‘தொடர்காப்பு’ எப்படி?

---

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு வரை வந்த மடல்களில் ‘தொடர்காப்பு’க்கு ஐந்து பேர், ‘இழுத்தடிப்பு’க்கு மூவர், ‘வாடா’வுக்கு இருவர். ‘தொடர்காப்பு உத்தி’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘எவர்கிரீனிங் எனப்படும்’ என்று சேர்த்துவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

---

போகட்டும். ஆனால் ‘தொடர்காப்பு’ காப்பீட்டுத் திட்டம் போலக் கேட்கிறது. மாதாமாதம் மருந்துக் கடையில் பணம் கட்டுகிறவர் அதை நல்ல செய்தி என்று நினைத்துவிடுவார். மறுபதிப்புக்கு முன் அந்தச் செவிலியரிடம் இதையும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.