தேர்வுதான் தாங் கவிதையை வளர்த்ததா?

தக்கலை வாசகர்:
நாகர்கோவில் வாசகர் கூட்டத்துல தாங் அரசமரபுக் கால (618–907) சீனக் கவிதை பத்திப் பேசணும். அரசுத் தேர்வுல கவிதை கேட்டதாலதான் அது அவ்வளவு உயர்ந்துச்சுன்னு சொல்லுதாங்களே, சரியா? தேர்வுக் கவிதைக்கு விதி என்ன?

வடசேரி:
அண்ணாச்சி, விதியை முதல்ல சொல்லுதேன். அடிக்கு 5 எழுத்து, 12 அடி, மொத்தம் 60 எழுத்து. தலைப்பும் இயைபும் தேர்வு நடத்துறவங்களே கொடுத்திருவாங்க, நம்ம ஊர்ல ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்ட மாதிரி. இயைபு இரட்டைப்படை அடிகள்ல வரணும், பெரும்பாலும் சமதொனியில, அதாவது சீன மொழியில ஏத்த இறக்கம் இல்லாத தொனியில. தொடக்கத்துலயே தலைப்பைத் தொட்டிரணும். நடு ஈரடிகள் சொல்லுக்குச் சொல் இணையா நிக்கணும். இயைபு பிசகினா, தள்ளுறதுக்கு அதுவே போதும். திருத்துறவருக்கு இது வசதி. ஆனா 4 அடியில முடியுற கருத்தையும் 12-க்கு இழுக்கணுமே! தாங் கவிஞர் சூ யோங் தேர்வுல ‘சொங்நான் மலையில் எஞ்சிய பனி’ங்கிற தலைப்புக்கு 4 அடியோட நிறுத்திட்டார், கேட்டதுக்கு ‘கருத்து முடிஞ்சிட்டு’ன்னாராம். இன்னைக்கும் வாசிக்கப்படுறது அந்த 4 அடிதான்.

குளச்சல்:
தேர்வுதான் காரணம்னு சொன்னவர் 13-ஆம் நூற்றாண்டு விமர்சகர் யென் யூ. பின்னால மிங் அரசமரபுக் காலத்து வாங் ஷிச்சென் மறுத்தார்: தேர்வுக் கவிதைகள்ல நல்லது அபூர்வம்னு. எனக்கு வாங் பக்கம்தான். தாங் காலப் பெருங்கவிஞர்கள்ல லி பாய் தேர்வே எழுதல, து ஃபூ தேறல. சியென் சீ எழுதின ‘சியாங் நதித் தெய்வம் யாழ் மீட்டுதல்’ மாதிரி விதிவிலக்கு ரொம்பக் கொஞ்சம்.

உண்மையான பலன் தேர்வறைக்கு வெளிய இருக்கு. தாங் காலத்துல பொதுவா விடைத்தாள்ல பேரை மறைக்கல. அதனால முன்கூட்டியே கவிதைச் சுருளைச் செல்வாக்குள்ளவங்களுக்கு அனுப்புவாங்க. தலைப்பும் நீளமும் அவங்கவங்க விருப்பம். சூ சிங்யூ, ‘புருவம் தீட்டினது இந்தக் காலத்துக்கு ஒத்து வருதா’ன்னு புதுமணப்பெண் கணவன்கிட்ட கேக்குற மாதிரி, அதிகாரியும் கவிஞருமான ஜாங் ஜிக்கு எழுதினார். கேட்டது தன் எழுத்து தேறுமான்னு! அகத்திணை படிச்ச நமக்கு இது சட்டுன்னு பிடிபடும். அடுத்து வந்த சோங் அரசமரபுக் காலத்துல பேரை மூடி, விடையை வேற ஆளை வச்சுப் படியெடுத்தாங்க. சுருளுக்கு வேலை இல்லாமப் போச்சு.

தக்கலை வாசகர்:
தேர்வால கவிதை விமர்சனத்துக்கு என்ன ஆச்சு, அக்கா?

குளச்சல்:
அங்கதான் தேர்வோட தடம் ஆழம். 1071-ல சோங் அமைச்சர் வாங் அன்ஷி கவிதையைத் தேர்வுல இருந்து எடுத்தார். பிறகு வந்து போய், சிங் ஆட்சியில 1757-ல 16 அடி, 80 எழுத்தா திரும்பிச்சு. உடனே பழைய தாங் தேர்வுக் கவிதைகளுக்கு உரை தேவைப்பட்டுச்சு. ஜி யுன் எழுதினார். ‘தலைப்பை உடைத்தல்’ (தொடக்கத்துலயே தலைப்பை விளக்குறது) மாதிரி, எட்டுக்கால் கட்டுரைங்கிற எட்டுப் பகுதித் தேர்வுக் கட்டுரையோட சொற்கள் கவிதை உரைக்குள்ள பரவினது இப்படித்தான். அதுக்கும் முன்னாலயே, 17-ஆம் நூற்றாண்டுல, ஜின் ஷெங்டான் 8 அடிக் கவிதையை நாலு நாலா வெட்டிப் படிச்சார். கூட்டத்துல சூ யோங்கையும் சியென் சீயையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிங்க; 12 அடி எங்க பலம், எங்க பாரம்னு கேக்குறவங்களே சொல்லிருவாங்க.