புதுப்பிப்பு: ஃபுல்லரீன்–பிஇஜி துகள் அளவு தாறுமாறாக வந்த சிக்கல் தீர்ந்தது (ஊட்டி)

உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கேள்வி இதுதான்: ஒரு முனையில் சி60 (60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ ஃபுல்லரீன் மூலக்கூறு) கோத்த பிஇஜி 5000-ஐ (பாலிஎத்திலீன் கிளைக்கால்; நீரில் கரையும் நீண்ட சங்கிலி, மூலக்கூறு எடை சுமார் 5000) நேராகத் தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் திரள்கள் வந்தன.

பலித்தது, முதலில் டிஎச்எஃப்பில் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரிமக் கரைப்பான்) கரைக்கச் சொன்ன யோசனை. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைத்து, 0.45 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியில் விட்டேன். இந்தப் படியை விடவே கூடாது. வினைபுரியாத சி60 டிஎச்எஃப்பில் கரைவது மிகக் குறைவு, பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். தங்காமல் போனால் தண்ணீர் சேர்த்ததும் அது தனித் துகள்களாகி அளவீட்டையே கெடுக்கும். பிறகு கலக்கிக்கொண்டே, கரைசல் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டு, டிஎச்எஃப் வெளியேற 3500 டால்டன் (மூலக்கூறு எடை அலகு) டயாலிசிஸ் பையில், அதாவது சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில், இரண்டு நாள். தண்ணீரை ஆறு முறை மாற்றினேன். குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் சி60 உண்டாக்கும் ஒற்றை நிலை ஆக்சிஜன் (வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன்) பிஇஜி சங்கிலியை அரிக்கக்கூடும்.

எதிர்பாராதது நம்மூர்க் குளிர். துகள்கள் அசையும் வேகத்தை வைத்து அளவிடும் கருவியில் 25 டிகிரி என்று இருந்தது, மாதிரியோ 15-இல். குளிர்ந்த தண்ணீருக்குப் பாகுநிலை அதிகம் (0.89-க்குப் பதில் 1.14 மில்லிபாஸ்கல் நொடி), அதனால் துகள்கள் மெதுவாக அசைந்து அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிந்தது. திருத்தியதும் 120 நானோமீட்டர் 91 ஆனது. மூன்று தொகுதிகளிலும் இப்போது அளவு வரைபடத்தில் ஒரே உச்சிதான்.