ஆடிக் காத்துக்கு எந்த .22 தோட்டா?

அண்ணங்களே, கோவை, பொள்ளாச்சிப் பக்கம் 50 மீட்டர் ரைஃபிள் சுடறவங்க கொஞ்சம் சொல்லுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து குறுக்க அடிச்சா குரூப் (அட்டையில குண்டு விழுற கூட்டம்) பக்கவாட்டுல விரியுது. குண்டு எடை 40 கிரெயின், குண்டைச் சுழல வைக்கிற பேரல் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுத்து. ஹை வெலாசிட்டி (ஒலியை விட வேகமாப் போற தோட்டா) இதுக்கு ஆகாது. ஒலி வேகத்தை ஒட்டி இழுவை ஏறுறதால காத்துல இன்னும் அதிகமா விலகும். நொடிக்கு 320-330 மீட்டர் போற ஸ்டாண்டர்ட் வகைதான் சரி. 60 கிரெயினும் வேண்டாங்க, இந்த முறுக்குல நிலைக்காம அட்டையில சாய்ஞ்சு விழும்.

தொந்தரவு இதுதான்: ஒரே பேர்த் தோட்டா, லாட் (ஒரே தடவையில செஞ்ச தொகுதி) மாறினா மேல கீழ சிதறுது. லாட்டுக்குப் பத்துப் பத்தா நாலு குரூப் சுட்டுப் பார்த்தாப் போதுங்களா? நடுவுல பேரலைத் துடைக்கணுமா, இல்ல பழைய லாட் தோட்டா பேரல்ல விட்ட மெழுகு போக 15-20 தோட்டா சுட்டாச் சரியாயிருமா? லாட் எண்ணோட சொல்லுங்க.